அத்தியாயம் 7: எதிரும் புதிருமாய் இரண்டு ரயில்கள்

தாம்பரத்திலிருந்து காலை 6 மணிக்கு ஒரு மின்சார ரயில் செங்கல்பட்டை நோக்கிப் புறப்படுகிறது. அதே 6 மணிக்குச் செங்கல்பட்டிலிருந்து ஒரு விரைவு ரயில் தாம்பரத்தை நோக்கிக் கிளம்புகிறது. மின்சார ரயிலின் வேகம் மணிக்கு 40 கி.மீ.; விரைவு ரயிலின் வேகம் மணிக்கு 60 கி.மீ. இரண்டு ஊர்களுக்கும் இடையே 30 கி.மீ. இரண்டு ரயில்களும் எப்போது, எங்கே சந்திக்கும்?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லோரும் ஏதாவது ஓர் உருவத்தில் இந்தக் கணக்கைச் சந்தித்திருப்பார்கள். ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் என்.டி.பி.சி. முதல் கட்டத் தேர்வில் 90 நிமிடங்களில் 100 கேள்விகள். அப்படியென்றால் கேள்விக்கு 54 விநாடி. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். இந்த நெருக்கடியில்தான் பலர் மனப்பாடம் செய்த சூத்திரத்தைத் தேடித் தடுமாறுகிறார்கள். வேகங்களைக் கூட்டுவதா, கழிப்பதா? ரயிலின் நீளத்தைச் சேர்ப்பதா, விடுவதா? சூத்திரங்கள் ஆறேழு இருப்பதால் ஒன்றோடு ஒன்று கலந்துவிடுகின்றன.

இந்த அத்தியாயம் ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுத்தருகிறது. ரயில்களைத் தனித்தனியாகத் துரத்தாதீர்கள். அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்த இடைவெளி எவ்வளவு, அது என்ன வேகத்தில் மாறுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் இந்த வகைக் கணக்கு எதுவும் தப்பாது.

1. இடைவெளி என்ன ஆகிறது?

துவைத்த புடவையை இருவர் இரு முனையில் பிடித்துக்கொண்டு, மடிப்பதற்காக ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள தூரத்தை இருவருமே குறைக்கிறார்கள். ரயில்களும் அப்படித்தான். ஒரு மணி நேரத்தில் மின்சார ரயில் 40 கி.மீ. குறைக்கும், விரைவு ரயில் 60 கி.மீ. குறைக்கும். ஆக, இடைவெளி மணிக்கு 100 கி.மீ. வீதம் சுருங்குகிறது. பாடநூல்கள் இதைத்தான் சார்பு வேகம் என்கின்றன.

இருக்கும் இடைவெளி 30 கி.மீ. அது 100 கி.மீ. வேகத்தில் தீர்ந்துபோக 30 ÷ 100 = 0.3 மணி நேரம், அதாவது 18 நிமிடம் ஆகும். எனவே சந்திப்பு 6.18-க்கு. அந்த 18 நிமிடத்தில் மின்சார ரயில் 40 × 0.3 = 12 கி.மீ. வந்திருக்கும். தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டி ஏறத்தாழ கூடுவாஞ்சேரி பக்கம். விரைவு ரயில் 60 × 0.3 = 18 கி.மீ. வந்திருக்கும். 12-ஐயும் 18-ஐயும் கூட்டினால் 30. இந்தக் கூட்டலை எப்போதும் செய்து பாருங்கள். ஐந்து விநாடியில் முடியும் இந்தச் சரிபார்ப்பு ஒரு மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 12-க்கு 18 என்பது 2-க்கு 3. வேகங்களும் 40-க்கு 60, அதாவது 2-க்கு 3. ஒரே நேரத்தில் புறப்பட்ட ரயில்கள் தங்கள் வேகத்தின் விகிதத்திலேயே தூரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். இது பிடிபட்டுவிட்டால், எங்கே சந்திக்கும் என்று மட்டும் கேட்கும் கேள்விக்கு நேரத்தைக் கணக்கிடவே தேவையில்லை. 30-ஐ 2-க்கு 3 என்று பிரித்தால் போதும்.

இடைவெளியை அது மாறும் வேகத்தால் வகுக்கும் விதி நமக்குப் புதிதல்ல. சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அதற்கு 1,400 ஆண்டுகளுக்கும் முன்பே, கி.பி. 499-இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில் இந்த விதி ஒரு செய்யுளாக இருக்கிறது. எதிரெதிராகச் செல்பவற்றின் இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் செல்பவற்றின் இடைத்தூரத்தை வேகங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதை எழுதிய ஆரியபட்டரின் மனதில் இருந்தவை வானத்தில் நகரும் கோள்கள். நம் முன்னால் இருப்பவை தண்டவாளத்தில் ஓடும் ரயில்கள். கணக்கு ஒன்றுதான்.

2. ஐந்து படிகள்

எந்தக் கேள்வி வந்தாலும் இந்த வரிசையில் செல்லுங்கள்.

முதல் படி: ஒரு கோடு போட்டு இரு முனைகளிலும் ஊர்களைக் குறியுங்கள். தூரத்தை மேலே எழுதுங்கள்.

இரண்டாம் படி: ஒவ்வொரு ரயிலுக்கும் ஓர் அம்புக்குறி. அம்புகள் ஒன்றை ஒன்று பார்த்தால் இடைவெளி சுருங்குகிறது. ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டினால் விரிகிறது. இரண்டிலும் வேகங்களைக் கூட்ட வேண்டும். தாம்பரத்திலிருந்து ஒரே நேரத்தில் ஒரு ரயில் கடற்கரைப் பக்கம் 40 கி.மீ. வேகத்திலும், இன்னொன்று செங்கல்பட்டுப் பக்கம் 60 கி.மீ. வேகத்திலும் சென்றால், 18 நிமிடத்தில் அவற்றுக்கு இடையே 30 கி.மீ. இருக்கும். இரண்டு அம்புகளும் ஒரே பக்கம் பார்த்தால் மட்டுமே கழித்தல்.

மூன்றாம் படி: அலகுகளை ஒன்றாக்குங்கள். தூரம் கி.மீ.-இல் இருந்தால் நேரம் மணியில் வரும். ரயில் நீளம் மீட்டரில் இருந்தால் வேகத்தையும் விநாடிக்கு மீட்டராக்குங்கள். மணிக்கு இத்தனை கி.மீ. என்பதை 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுக்க வேண்டும். தேர்வில் அடிக்கடி வரும் வேகங்களை நேரடியாகவே நினைவில் வையுங்கள்: 18 என்றால் 5, 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25, 108 என்றால் 30.

நான்காம் படி: இரண்டு ரயில்களையும் ஒரே கடிகார நேரத்தில் நிறுத்துங்கள். ஒன்று முன்பே புறப்பட்டிருந்தால், மற்றது புறப்படும் வரை அது எவ்வளவு தூரம் வந்தது என்று கணக்கிட்டு, அதை மொத்த தூரத்திலிருந்து கழித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மீதமுள்ள இடைவெளியை அது மாறும் வேகத்தால் வகுங்கள். கிடைத்த விடையைக் கூட்டிச் சரிபாருங்கள்.

3. ஒன்று தாமதமாகக் கிளம்பினால்

நான்காம் படிதான் பலரைத் தடுக்கும் இடம் என்பதால் அதே கணக்கைச் சற்று மாற்றிப் பார்ப்போம். மின்சார ரயில் தாம்பரத்தில் 6.00-க்குப் புறப்படுகிறது. விரைவு ரயில் செங்கல்பட்டில் 6.15-க்குத்தான் புறப்படுகிறது. மற்றவை பழையபடியே.

6.15 வரை ஓடுவது ஒரே ரயில்தான். அது கால் மணி நேரத்தில் 10 கி.மீ. வந்துவிடுகிறது. எனவே 6.15-க்கு இடைவெளி 20 கி.மீ. இனி இரண்டும் ஓடுவதால் இடைவெளி மணிக்கு 100 கி.மீ. வீதம் குறையும். 20 ÷ 100 = 0.2 மணி, அதாவது 12 நிமிடம். சந்திப்பு 6.27-க்கு. மின்சார ரயில் மொத்தம் 27 நிமிடம் ஓடி 18 கி.மீ. வந்திருக்கும், விரைவு ரயில் 12 நிமிடத்தில் 12 கி.மீ. கூட்டினால் 30. சரி.

இங்கே பழைய 18 நிமிடத்தோடு தாமதமான 15 நிமிடத்தைக் கூட்டி 6.33 என்று எழுதுவது வழக்கமான தவறு. காத்திருந்த அந்த 15 நிமிடமும் முதல் ரயில் சும்மா நிற்கவில்லை என்பதை மறப்பதால் வருவது அது. கேள்வித்தாளில் இந்தத் தவறான விடையும் ஒரு தெரிவாகக் கொடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பார்த்ததும் உங்கள் விடை உறுதியாகிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

4. சந்தித்த பிறகு

எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் நன்கு அறிந்த வகை இது: இரண்டு ரயில்கள் எதிரெதிரே ஒரே நேரத்தில் புறப்பட்டன. சந்தித்த பிறகு ஒன்று 27 நிமிடத்திலும் மற்றது 12 நிமிடத்திலும் தத்தம் ஊரைச் சேர்ந்தன. வேகங்களின் விகிதம் என்ன? தூரமும் தரப்படவில்லை, வேகமும் தரப்படவில்லை. பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

நம் முதல் கணக்குக்கே திரும்புங்கள். 6.18-க்குச் சந்தித்தபோது மின்சார ரயிலுக்கு மீதம் இருந்தது விரைவு ரயில் ஏற்கெனவே கடந்துவந்த 18 கி.மீ. அதை 40 கி.மீ. வேகத்தில் கடக்க 27 நிமிடம். விரைவு ரயிலுக்கு மீதம் இருந்தது மின்சார ரயில் கடந்துவந்த 12 கி.மீ. அதை 60 கி.மீ. வேகத்தில் கடக்க 12 நிமிடம்.

27-க்கு 12 என்பது 9-க்கு 4. அதன் வர்க்கமூலம் 3-க்கு 2. விரைவு ரயிலுக்கும் மின்சார ரயிலுக்கும் உள்ள வேக விகிதமும் 3-க்கு 2. ஆகவே விதி இது: சந்தித்த பிறகான நேரங்களின் வர்க்கமூலங்களை எடுத்து, இடம் மாற்றி எழுதினால் வேக விகிதம் கிடைக்கும். மெதுவான ரயிலுக்கு இரண்டு வழியில் நேரம் கூடுவதால்தான் வர்க்கமூலம் வருகிறது. அது கடக்க வேண்டிய மீதித் தூரமும் அதிகம். கடக்கும் வேகமும் குறைவு.

இன்னொரு பரிசும் இதில் உண்டு. 27 × 12 = 324. அதன் வர்க்கமூலம் 18. புறப்பட்டதிலிருந்து சந்திக்கும் வரை ஆன நிமிடமும் 18-தான். தூரமே தெரியாமல் சந்திப்பு நேரத்தைச் சொல்லிவிடலாம்.

5. ரயிலுக்கு நீளம் உண்டு

இதுவரை ரயிலை ஒரு புள்ளியாக நினைத்தோம். 30 கி.மீ. கணக்கில் அது போதும். ஒன்றை ஒன்று கடக்க எத்தனை விநாடி என்று கேட்டால் போதாது.

12 பெட்டிகள் கொண்ட மின்சார ரயிலில் ஒரு பெட்டி 21 மீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் ஏறத்தாழ 260 மீட்டர். விரைவு ரயில்களில் உள்ள எல்.எச்.பி. வகைப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 24 மீட்டர். இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளோடு எஞ்சினும் சேர்ந்த விரைவு ரயில் 500 மீட்டரைத் தாண்டிவிடும். கணக்குக்காக 540 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்சார ரயில் மணிக்கு 54 கி.மீ. வேகத்திலும், விரைவு ரயில் மணிக்கு 90 கி.மீ. வேகத்திலும் எதிரெதிரே வருகின்றன.

முகப்பும் முகப்பும் சந்திக்கும் கணத்திலிருந்து கடைசிப் பெட்டியும் கடைசிப் பெட்டியும் விலகும் வரை தீர வேண்டிய தூரம் 260 + 540 = 800 மீட்டர். வேகம் 15 + 25 = விநாடிக்கு 40 மீட்டர். எனவே 20 விநாடி. இரண்டும் ஒரே திசையில் சென்றால், அதே 800 மீட்டரை விநாடிக்கு 10 மீட்டர் வீதம் தீர்க்க 80 விநாடி ஆகும்.

இப்போது கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றுவார்கள். மின்சார ரயிலின் ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் பயணியை விரைவு ரயில் எத்தனை விநாடியில் கடக்கும்? பயணிக்கு நீளம் இல்லை. எனவே தூரம் 540 மட்டும். வேகம் அதே 40. விடை 13.5 விநாடி. குரோம்பேட்டை நடைமேடையில் நிற்பவரைக் கடக்க? அவருக்கு நீளமும் இல்லை, வேகமும் இல்லை. 540 ÷ 25 = 21.6 விநாடி. நடைமேடையையே கடக்க வேண்டுமென்றால் அதன் நீளத்தையும் சேர்க்க வேண்டும். ஆக, கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடக்கப்படுவதற்கு நீளம் உண்டா, வேகம் உண்டா?

இந்தக் கணக்கு தேர்வுக்கு வெளியேயும் உயிரோடு தொடர்புடையது. 90 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் 10 விநாடியில் 250 மீட்டர் வந்துவிடும். ஒரு ரயில் போய்விட்டதே என்று தண்டவாளத்தில் இறங்குபவரின் பார்வையிலிருந்து, எதிர்த்தடத்தில் வரும் ரயிலைப் போய்க்கொண்டிருக்கும் ரயிலே மறைத்துவிடுகிறது. நடைமேம்பாலமும் சுரங்கப்பாதையும் இருக்கும்போது அவற்றையே பயன்படுத்துங்கள்.

6. நடுவில் பறக்கும் பறவை

நம் முதல் கணக்கில் 6.00-க்கு மின்சார ரயிலின் முகப்பிலிருந்து ஒரு பறவை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் விரைவு ரயிலை நோக்கிப் பறக்கிறது. அதைத் தொட்டதும் திரும்பி மின்சார ரயிலை நோக்கி வருகிறது. மறுபடி திரும்புகிறது. ரயில்கள் சந்திக்கும் வரை அது பறந்த மொத்த தூரம் என்ன?

ஒவ்வொரு திருப்பத்தையும் கணக்கிடத் தொடங்கினால் முடிவில்லாத தொடராக நீளும். ஆனால் பறவை பறந்த நேரம் நமக்குத் தெரியும்: 18 நிமிடம். 80 × 0.3 = 24 கி.மீ. முடிந்தது. கணித மேதை ஜான் வான் நாய்மனிடம் இந்தப் புதிரைப் போட்டபோது அவர் உடனே விடை சொன்னதாகவும், குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிட்டீர்களே என்றதற்கு, முடிவிலாத் தொடரைக் கூட்டினேன் என்று பதில் சொன்னதாகவும் ஒரு கதை வழங்குகிறது. நமக்கு நேரத்தைக் கண்டுபிடிக்கும் வழியே போதும். தூரம் சிக்கலாகத் தெரியும்போது நேரத்தைத் தேடுங்கள்.

7. எதிரே எத்தனை வண்டி?

தாம்பரத்தில் பீச் வண்டி ஏறுகிறீர்கள். பயணம் 50 நிமிடம் என்று கொள்வோம். இரு முனைகளிலிருந்தும் சரியாக 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது. கடற்கரை போய்ச் சேரும் வரை எதிரே எத்தனை வண்டிகளைப் பார்ப்பீர்கள்?

50-ஐப் பத்தால் வகுத்து 5 என்றுதான் பலர் சொல்வார்கள். நீங்கள் 8.00-க்கு ஏறும்போதே, 7.10 முதல் கடற்கரையில் கிளம்பிய வண்டிகள் வழியில் இருக்கின்றன. அவற்றை மறந்துவிடக் கூடாது. 7.10-க்குக் கிளம்பியது அப்போதுதான் தாம்பரத்துக்குள் நுழைகிறது. நீங்கள் 8.50-க்கு இறங்கும்போது இன்னொன்று அங்கே கிளம்புகிறது. 7.10 முதல் 8.50 வரை பத்து நிமிடத்துக்கு ஒன்றாக எண்ணினால் 11. இரு முனைகளிலும் சந்திப்பவற்றை விட்டால் வழியில் மட்டும் 9.

ஹனோய் கோபுரப் புதிரை 1883-இல் வெளியிட்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா, பிரான்ஸுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடும் கப்பல்களை வைத்து இதே புதிரைப் போட்டார். புறநகர் ரயிலில் போகும் நாம் அதை ஜன்னலோரம் உட்கார்ந்தே சோதித்துப் பார்க்கலாம். நடைமேடையில் 10 நிமிடத்துக்கு ஒன்றாக வரும் வண்டி, ஓடும் ரயிலிலிருந்து பார்க்கும்போது 5 நிமிடத்துக்கு ஒன்றாகத் தெரியும். நீங்களும் அதை நோக்கிப் போவதால் இடைவெளி இரு பக்கமிருந்தும் குறைகிறது. எதிர்ப்பக்கம் மட்டும் வண்டி வந்துகொண்டே இருக்கிறதே என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. வரைபடத்தில் பாருங்கள்

வீட்டில் பயிற்சி செய்யும்போது ஒரு வரைபடத்தாள் எடுங்கள். கிடைக்கோட்டில் நேரம், செங்குத்துக் கோட்டில் தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை கி.மீ. மின்சார ரயில் 0-வில் தொடங்கி ஏறும் கோடு; விரைவு ரயில் 30-இல் தொடங்கி இறங்கும் கோடு. இரண்டும் 6.18, 12 கி.மீ. என்ற புள்ளியில் வெட்டிக்கொள்ளும். வேகம் கூடினால் கோடு செங்குத்தாகும். ரயில் நின்றால் கோடு படுத்துவிடும்.

ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில் ரயில்களின் ஓட்டத்தை இப்படிப்பட்ட வரைபடத்தில்தான் குறிக்கிறார்கள். இரட்டைத் தடத்தில் கோடுகள் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் செல்வது போன்ற ஒற்றைத் தடத்தில் அவை ஒரு நிலையத்தில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு ரயில் காத்திருந்து மற்றதற்கு வழிவிடும். கிராஸிங்குக்காக நிற்கிறது என்று பயணிகள் சொல்வது இதைத்தான்.

9. பயிற்சி

அ. 30 கி.மீ. இடைவெளியில் இரு ரயில்கள் மணிக்கு 36, 54 கி.மீ. வேகத்தில் ஒரே நேரத்தில் எதிரெதிரே புறப்படுகின்றன. எப்போது சந்திக்கும்? மெதுவான ரயில் வந்த தூரம் என்ன?

ஆ. தலா 250 மீட்டர் நீளமுள்ள இரு ரயில்கள் எதிரெதிரே 10 விநாடியில் கடந்துகொள்கின்றன. ஒன்றின் வேகம் மணிக்கு 72 கி.மீ. மற்றதன் வேகம் என்ன?

இ. சந்தித்த பிறகு இரு ரயில்களும் முறையே 16, 25 நிமிடங்களில் ஊர் சேர்கின்றன. வேக விகிதம் என்ன? புறப்பட்டு எத்தனை நிமிடத்தில் சந்தித்தன?

ஈ. 180 மீட்டர் ரயில் மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் வருகிறது. நடைமேடையில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் எதிரே நடந்து வருபவரை எத்தனை விநாடியில் கடக்கும்?

உ. பயணம் 60 நிமிடம். இரு முனையிலிருந்தும் 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி. நீங்கள் ஏறும் வண்டியும் அந்த அட்டவணைப்படியே கிளம்புகிறது. வழியில் மட்டும் எத்தனை எதிர் வண்டிகளைச் சந்திப்பீர்கள்?

விடைகள்: அ. 20 நிமிடம், 12 கி.மீ. ஆ. மணிக்கு 108 கி.மீ. இ. 5-க்கு 4, 20 நிமிடம். ஈ. 12 விநாடி. உ. 7.

ஐந்தையும் முதல் முறை கடிகாரம் பார்க்காமல், கோடு போட்டு, அம்புக்குறி இட்டுச் செய்யுங்கள். எங்கே இடைவெளி, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை ஒவ்வொரு கணக்கிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பழக்கம் ஊன்றிய பிறகு 54 விநாடிக்குள் முடிக்கப் பயிற்சி எடுங்கள். வேகம் தானாக வரும். புரிதல்தான் முதலில் வர வேண்டும்.